துப்பினால்தான் தெரியும்

1

நான் நோர்வேக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டதென்று என் வீட்டுக்காரர் கேக் வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமைதான், என் மகள் என் ஊருக்கு என்னை விட்டுவிட்டுப் போகப்போவதாகச் சொன்னாள்.

மகளின் பெயர் ஆரணி. வயது இருபத்து மூன்று. படிப்பை முடித்து, வேலை எடுத்து, தனி வீடும் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஒரே நகரம்தான், பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, சாப்பிட்டு, போனைப் பார்த்து, 'ஓம்', 'இல்ல', 'தெரியா' என்ற மூன்று சொல்லில் தமிழை முடித்துக்கொண்டு போவாள். அந்த மூன்று சொல்லுக்காக நான் சனிக்கிழமை முழுக்கச் சமைப்பேன்.

அன்றைக்கு அவள் வழமையைவிடக் கனக்கப் பேசினாள். அவள் சேர்ந்திருக்கிற, கடலுக்கடியில் போகிற சுழியோடிகள் சங்கத்துச் சிநேகிதிகள் இரண்டு பேரோடு ஜூலையில் இலங்கைக்குப் போகிறாளாம். இலங்கையில் எங்கே என்று இவர் கேட்டார். பாசிக்குடா என்றாள். கல்லடிக் கடலுக்குள் இரண்டாம் உலக யுத்தகாலத்துக் கப்பல் ஒன்று ஆழத்தில் கிடக்கிறதாம், சிநேகிதிகள் அதைப் பார்க்கப் போகிறார்களாம். பிறகு என் பக்கம் திரும்பி, "அது உங்கட ஊருக்குக் கிட்டவா அம்மா?" என்று கேட்டாள்.

கையில் இருந்த கேக் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தேன். வைத்தது நல்லதுதான். எட்டு வயதிலும் பதினான்கு வயதிலும் இவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறேன். இரண்டு தரமும் நுளம்புக் கடியைப் பற்றித்தான் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது போலும்.

நானும் வருகிறேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி ஆறுதலாகச் சொன்னாள்.

"அம்மா, அது சுழியோடுற ஆக்களின்ட பயணம். நீங்க வந்து என்ன செய்வீங்க?"

பிறந்து வளர்ந்த இடத்துக்குப் போக எனக்கு ஒரு தகுதி வேண்டும் என்று வந்துவிட்டது. நாடு விட்டு வந்தவர்களிடம் தகுதி கேட்பது புதிதல்ல. விமான நிலையத்தில் கேட்பார்கள், தூதரகத்தில் கேட்பார்கள். என் வயிற்றில் பிறந்த பிள்ளையும் கேட்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அப்படியென்றால் நானும் சுழியோடுவேன் என்று சொல்லிவிட்டேன். இவருக்குக் கேக் புரையேறிவிட்டது. தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று வீட்டில் மற்ற இரண்டு பேரும் நினைத்தார்கள்.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் இப்போது சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இலங்கையின் கிழக்குக் கரையில் குருக்கள்மடத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்க, இரண்டிலும் நீந்தத் தெரியாமல் வளர்ந்தவள் நான். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்பது கிணற்றில் அள்ளுவது. கடல் என்பது கோயில் தீர்த்தத்தன்று சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை போய், அலை வந்ததும் கத்திக்கொண்டு கரைக்கு ஓடி வருவது. இதை நோர்வேக்காரருக்கு விளங்கப்படுத்த முடியாது. தீவில் பிறந்தவள் என்றதும், மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்க வேண்டுமா என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த மீன்குஞ்சு நாற்பது வயதுக்குப் பிறகு, நகரசபை வெளிநாட்டுப் பெண்களுக்கென்று நடத்திய வகுப்பில், சோமாலியப் பெண்களோடு வரிசையில் நின்று கால் அடிக்கப் பழகியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்சில் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையான ஆள். பிறர் வாய் வைத்த கோப்பையில் குடிக்கமாட்டேன். தண்ணீர்ப் போத்தலை அண்ணாந்துதான் குடிப்பேன். வேலையோ சின்னப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில். காலையிலிருந்து பின்னேரம் வரை நோர்வேப் பிள்ளைகளின் வாய்நீர் துடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆண்டவன் ஆள் பார்த்துத்தான் வேலை கொடுக்கிறான்.

பெற்ற பிள்ளையின் எச்சில் எச்சில் இல்லை. ஆரணி கடித்து வைத்த பிஸ்கட்டை நான் சாப்பிட்டேன், நான் ஊதி ஒரு வாய் பார்த்துக் கொடுத்த பாலை அவள் குடித்தாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் என் தேத்தண்ணிக் கோப்பையை அவளிடம் நீட்டினேன். கையால் தள்ளிவிட்டு, அதில் பசிலுஸ்கர் இருக்கிறது என்றாள். கிருமிகளுக்கு இங்கே பிள்ளைகள் வைத்திருக்கிற செல்லப் பெயர் அது. வகுப்பில் படம் கீறிக் காட்டியிருக்கிறார்கள், காலும் மீசையும் வைத்து. அன்றிலிருந்து அவள் என் கோப்பையில் வாய் வைத்ததில்லை. என் தட்டில் இருந்து ஒரு வாய் எடுத்ததில்லை. ஊட்ட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு ஒரு நாளும் அது சின்னதாக இருந்ததில்லை.

சுழியோடப் பழக முதல் வைத்தியரிடம் போய் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காது எப்படி, நெஞ்சு எப்படி, வலிப்பு வந்ததா என்றெல்லாம் கேட்டார். மூடிய இடங்களில் இருக்கப் பயமா என்று கேட்டார். இருபத்தைந்து வருஷமாக நோர்வேக் குளிர்காலத்தில் யன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது. கடைசியில் பேனையை வைத்துவிட்டு, இந்த வயதில் ஏன் இந்த ஆசை என்றார். என் மகள் என் ஊருக்குப் போகிறாள், அதனால் என்றேன். அவர் என் இரத்த அழுத்தத்தை இன்னொரு தரம் அளந்தார்.

3

பழக்கியவர் பெயர் ஊலே. அறுபதை நெருங்கிய, எதற்கும் அவசரப்படாத மனிதர். நகரசபை நீச்சல் தடாகத்தில், மாலையில் வகுப்பு. என்னோடு இன்னும் நாலு பேர், எல்லாரும் என் மகளின் வயதுக்காரர்.

முதல் நாள் நான் தாழவே இல்லை. மற்றவர்கள் எல்லாரும் கல் மாதிரி அடிக்குப் போய்விட்டார்கள், நான் மேலே மிதந்துகொண்டிருந்தேன். ஊலே என் இடுப்புப் பட்டியில் ஈயக்கட்டி ஒன்று கூட்டினார், பிறகு இன்னொன்று கூட்டினார். புட்டும் தயிரும் வளர்த்த உடம்பு அவ்வளவு லேசில் தாழாது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

வாயில் கடித்துக்கொண்டு மூச்செடுக்கிற ரப்பர் அடுத்த பிரச்சினை. போன கிழமை யார் வாயில் இருந்ததோ. நான் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து அதைப் பூட்டித் தரும்படி கேட்டேன். ஊலே பூட்டித் தந்தார். அது முடிந்தது என்று நான் நிம்மதியாக இருக்கும்போதுதான் அவர் தன் முகக் கண்ணாடியை எடுத்தார். எடுத்து, உள்பக்கத்தில் துப்பி, பெருவிரலால் தேய்த்து, தண்ணீரில் ஒரு தரம் அலசி, அப்படியே முகத்தில் போட்டுக்கொண்டார்.

துப்பாவிட்டால் தண்ணீருக்கடியில் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றுமே தெரியாதாம். எல்லாரும் துப்பினார்கள். நான் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் ஒருவர் முன்னால் துப்பினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அதற்குப் பிறகு இரண்டு குடும்பமும் நல்லது கெட்டதுக்கும் முகம் பார்க்காது. படிப்பிக்கிற மனிதர் முன்னால், என் மகளின் வயதுப் பிள்ளைகள் முன்னால், எப்படித் துப்புவது?

அதனால் குளிக்கிற அறைக்குப் போய்ச் சவர்க்காரத் தண்ணீர் எடுத்துப் பூசிக்கொண்டு வந்தேன். கண்ணாடி நன்றாகத் தெரிந்தது. கண்தான் தெரியவில்லை. எரிச்சலில் கண்ணீர் ஒழுக, தடாகத்தின் அடியில் முழந்தாளிட்டு இருந்தேன். ஊலே கிட்ட வந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்தார். பயம் வெட்கப்படுகிற விஷயம் இல்லை, இன்றைக்கு அழுதவர்கள் நாளைக்கு நல்ல சுழியோடிகளாக வந்திருக்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னார். எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் நடந்ததைச் சொன்னேன். ஊரில் துப்பினால் அடிபிடி வரும் என்றும் சொன்னேன்.

அவர் வகுப்பு முழுவதையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தானும் திரும்பிக்கொண்டார். ஐந்து நோர்வே முதுகுகளுக்குப் பின்னால் நின்று நான் துப்பினேன். தூ, தூ, தூ என்று மூன்று தரம்.

ஏன் மூன்று என்று ஊலே திரும்பாமலே கேட்டார். ஒரு தரம் துப்பினால் அவமதிப்பு, மூன்று தரம் துப்பினால் கண்ணேறு போக்குகிற நாவூறு கழிப்பு என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? ஊரில் பிள்ளை சோர்ந்துபோனால் உப்பும் மிளகாயும் தலையைச் சுற்றி எடுத்து, பிள்ளையை அதில் மூன்று தரம் துப்பச் சொல்லி, அடுப்பில் போடுவோம். ஆரணிக்கும் ஒரு தரம் இங்கே செய்தேன். மிளகாய்ப் புகைக்குத் தீ அபாய மணி அடித்து, கட்டடம் முழுவதும் பைஜாமாவோடு பனியில் போய் நின்றது. அதோடு அடுப்பில் போடுவதை விட்டுவிட்டேன். துப்புவதை விடவில்லை. பரீட்சைக்குப் போகும்போதும் காய்ச்சல் வந்தாலும் உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு, துப்பு பிள்ளை என்பேன். பன்னிரண்டு வயதில் அதையும் அவள் நிறுத்திவிட்டாள்.

கெட்டது போகவும் நல்லது தெரியவும் மூன்று தரம் என்று ஊலேக்குச் சுருக்கமாகச் சொன்னேன். அது அவருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த கிழமையிலிருந்து வகுப்பில் எல்லாரும் தூ, தூ, தூ என்றார்கள்.

4

தண்ணீருக்கடியில் பேச முடியாது, எல்லாம் கைச் சைகை. இதைக் கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. பராமரிப்பு நிலையத்தில் நாலு வயதுப் பிள்ளைகள் என் நோர்வே இலக்கணத்தைத் திருத்துகிறார்கள். தமிழ்ப் பக்கமும் பெரிய மரியாதை இல்லை. ஆரணியைத் தமிழ்ப் பாடசாலைக்கு விட்ட காலத்தில் அவள் 'கிறுகு' என்று சொன்னதற்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள், 'திரும்பு' என்று சொல்ல வேண்டுமாம். அழுதுகொண்டு வந்தவள் அந்தச் சொல்லை மட்டுமல்ல, அந்தப் பாடசாலையையும் விட்டாள். இலக்கணமும் ஊர்ப் பேச்சும் இல்லாத ஓர் இடம் தண்ணீருக்கடியிலாவது இருக்கிறதே என்று நினைத்தேன்.

அங்கேயும் என் ஊர் என்னோடு வந்துவிட்டது. ஊலே விரலை வளையமாக்கிக் காட்டுவார், எல்லாம் சரியா என்று கேட்கிறார். நானும் வளையம் காட்ட வேண்டும். கை அதைச் செய்ய முதல் தலை ஆடிவிடும். நம்முடைய ஆட்டம் உங்களுக்குத் தெரியும், இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக, ஓம் ஓம் எல்லாம் சரி என்கிற ஆட்டம். ஊலேக்கு அது 'இல்லை' என்பதாகத் தோன்றும். உடனே என் தோள்பட்டியைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிடுவார். என்ன பிரச்சினை என்பார், ஒன்றுமில்லை என்பேன், மறுபடி கீழே போவோம், வளையம் காட்டுவார், தலை ஆடும். அந்த மனிதர் என்னைத் தூக்கித் தூக்கிக் களைத்தே போனார். கழுத்து நோவுக்குப் போடுகிற பட்டியைப் போட்டுக்கொண்டு போனால் என்ன என்று இவர் வீட்டில் இருந்து ஆலோசனை சொன்னார். இவர் ஒரு தரம்கூட அந்தத் தடாகத்தில் காலை நனைக்கவில்லை, ஆலோசனைக்கு மட்டும் குறைவில்லை.

ஆரணி ஒரு நாளும் பார்க்க வரவில்லை. இன்னும் போகிறீர்களா என்று மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பாள். ஒரு ஞாயிறு, சோற்றைப் பிசைந்துகொண்டே, சங்கத்தில் எல்லாரும் மூன்று தரம் துப்புகிறார்கள், ஊலேயின் வகுப்பில் ஒரு தமிழ் அம்மா பழக்கினாவாம், அது உன் அம்மாவா என்று கேட்கிறார்கள் என்றாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"ஓம் எண்டன்," என்றாள்.

அவளுடைய மூன்று சொல்லில் ஒன்றுதான். ஆனாலும் அன்று இரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

வசந்தத்தில் கடல்நீரேரியில் பரீட்சை. அந்தக் குளிரைப் பற்றி எழுதினால் இங்கே கைவிரல் மறுபடி விறைக்கும், விட்டுவிடுகிறேன். தலையை ஆட்டாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பாஸ் பண்ணினேன். சுழியோடி அட்டை தபாலில் வந்தது. அதை ஞாயிற்றுக்கிழமை சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆரணி எடுத்துப் பார்த்துவிட்டு, சரி, வாங்க என்றாள்.

5

குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டில் இப்போது இருப்பவள் என் மாமாவின் மகள், இந்திரா மச்சாள். சிநேகிதிகள் பாசிக்குடா ஹோட்டலுக்குப் போக, ஆரணியை நாலு நாள் என்னோடும் கூடவே வந்த இவரோடும் ஊரில் தங்கச் சம்மதிக்க வைத்தேன். அவள் தண்ணீர்ப் போத்தலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் திரிந்தாள். மச்சாள் கொடுத்த தேத்தண்ணிக்குத் தனிக் கோப்பை கேட்டாள். மச்சாள் என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன்.

நான் கடலுக்கு அடியில் போகப் பழகி வந்திருக்கிறேன் என்றதை மச்சாள் முதலில் நம்பவில்லை. அட்டையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"ஏன்கா, இஞ்ச கடலுக்குப் போன ஆக்கள் கரைக்கு வந்து சேரணும் எண்டு நேத்தி வைக்கிறம். நீ என்னெண்டா அடிக்குப் போறத்துக்குப் படிச்சிற்று வந்திரிக்காய்."

கடல் ஊருக்குள் வந்துபோன வருஷத்துக்குப் பிறகு மச்சாள் கடற்கரைப் பக்கம் போனதில்லை. மீன்காரர் வாசலுக்கு வருவார், அதோடு சரி. அந்த நாட்களில் நான் நோர்வேயில், இரண்டு வயது ஆரணியை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊரின் பெயரை ஒருவராவது சொல்லமாட்டார்களா என்று தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். மச்சாளின் குரலைப் போனில் கேட்கும்வரை நான் சாப்பிடவில்லை. அவள் அதைப் பற்றி இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பறைந்ததில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கும் கடலைக் கண்டால் பயம்தான், தடாகத்தில் வராத பயம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

போகிற அன்று விடிய வெள்ளன மச்சாள் எழும்பி இடியப்பமும் சொதியும் வைத்துக் கட்டித் தந்தாள். வாசல் படலையில் நின்று, போயிற்று வாறம் எண்டு சொல்லு, போறம் எண்டு சொல்லாத என்று ஆரணிக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆரணி இரண்டு தரம் சொன்னாள், ஒன்று மச்சாளுக்கு, மற்றது வளவில் நின்ற நாய்க்கு.

6

மாங்கேணிக் கரையில் போட் ஆயத்தமாக நின்றது. அந்தப் பக்கத்தில் கரைக்குக் கிட்டவே கடலுக்குள் பவளப் பாறைத் திட்டு, பார் என்பார்கள், இருக்கிறது, ஆழம் அதிகமில்லை, என்னைப் போன்ற புது ஆட்களுக்குத் தோதான இடம். எங்களைக் கொண்டுபோக வந்தவர் சுரேன். வந்தாறுமூலைக் கம்பஸில் வர்த்தகம் படித்து, வேலைக்குப் பார்த்துக்கொண்டிருந்து அலுத்துப்போய், இப்போது சுழியோடுகிறவர்களுக்கு மீன் காட்டுகிறார். நல்ல பிள்ளை. நான் குருக்கள்மடம் என்றதும், யாருடைய ஆட்கள் என்று கேட்டார். போட்டுக்காரர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முதல், சுரேனின் பெரியப்பா எங்கள் ஊரில் கலியாணம் கட்டிய வழியில் நான் அவருக்கு மாமி முறை என்று கண்டுபிடித்துவிட்டோம். இருவருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் எனக்குப் பார் வரைக்கும்தான் நின்றது.

பாரில் போட்டை நிறுத்தினார்கள். கண்ணாடியைக் கையில் எடுத்தேன். எதிரே மருமகன் முறையான ஒருவர். பக்கத்தில் போட்டுக்காரர், என் தகப்பனின் வயது. முன்பக்கத்தில் இவர், உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடல் மயக்கத்தோடு கமெராவும் கையுமாக. நோர்வேக்காரர் முன்னால் துப்புவது வேறு. அவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாலும் இல்லாவிட்டாலும் ஊரில் போய்ச் சொல்லப்போவதில்லை. இங்கே, மாமி மருமகன் முன்னால் காறித் துப்பினா என்று பின்னேரத்துக்குள் குருக்கள்மடம் வரை கதை போகும்.

துப்பலாம் என்று பார்த்தாலும் வாயில் ஒரு சொட்டு இல்லை. கீழே நீலமாகக் கிடந்த தண்ணீரைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிட்டது. மறுபக்கம் திரும்பி, துப்பினது மாதிரி வாயைக் குவித்து, காய்ந்த கண்ணாடியைக் காய்ந்த விரலால் தேய்த்து, பின்பக்கமாகக் கடலில் விழுந்தேன்.

ஓர் ஆள் ஆழம் போக முதலே கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. மேலே வந்தேன். மாமி துப்பினீங்களா என்று சுரேன் கேட்டார், துப்பினேன் என்று பொய் சொன்னேன். உப்புத் தண்ணீரில் அலசிக்கொண்டு மறுபடி போனேன், மறுபடி வெள்ளை. மூன்றாம் தரம் மேலே வந்தபோது சுரேன் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

"மாமி, கண் தெரியாமக் கீழ போறது சரி வராது. நீங்க போட்டில இரிங்க. நான் மகளக் கொண்டுபோய்க் காட்டிற்று வாறன்."

தடாகம், ஈயக்கட்டி, குளிர், அட்டை எல்லாம் கடந்து வந்த பிறகு, என் ஊர்க் கடலில், என்னை இருத்திவிட்டு என் மகளைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கேக்கோடு அவள் கேட்டது சரிதான், நான் வந்து என்ன செய்யப்போகிறேன். போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன்.

ஆரணி நீந்திக் கிட்ட வந்தாள்.

"அம்மா, நீங்க துப்பேல்லயா?"

சுரேனுக்கு விளங்கக் கூடாது என்று நான் நோர்வே மொழியில் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தரம் அந்த மொழி எனக்கு இரகசியம் பேச உதவியது. வாய் காய்ந்துவிட்டது, பயமாக இருக்கிறது, அதோடு இந்தப் பிள்ளை எனக்கு மருமகன் முறை, அவர் முன்னால் எப்படித் துப்புவது என்றேன். இலக்கணம் எங்கெங்கோ போயிருக்கும். அவள் திருத்தவில்லை. கண்ணை உருட்டுவாள் என்று பார்த்திருந்தேன், அதுவும் செய்யவில்லை. என் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கழற்றி எடுத்தாள்.

தூ. தூ. தூ.

மூன்று தரம், இடையில் மூச்சு விட்டு, உப்பிலும் மிளகாயிலும் துப்புகிற அதே கணக்கில். பெருவிரலால் தேய்த்தாள். தண்ணீரில் ஒரு தரம் அலசினாள். என் முகத்தில் வைத்து, ரப்பருக்குள் அகப்பட்ட மயிரை ஒவ்வொன்றாக எடுத்துக் காதுக்குப் பின்னால் விட்டாள்.

என் மகளின் எச்சில் என் முகத்தில் இருந்தது. காலும் மீசையும் வைத்த பசிலுஸ்கர் எல்லாம் குடும்பத்தோடு வந்திருக்கும். வரட்டும். நான் கண்ணாடிக்குள் அழுதேன். துப்பின கண்ணாடியில் அழுதாலும் நன்றாகத் தெரிகிறது என்பதை ஊலேயிடம் சொல்ல வேண்டும்.

கீழே போனோம். மஞ்சளும் கறுப்புமாக வண்ணாத்தி மீன்கள் கூட்டமாக வந்து எங்களைச் சுற்றின. பச்சைக் கிளிமீன் ஒன்று பவளத்தைக் கொறிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அதுவரைக்கும் நான் இவற்றைச் சட்டிக்குள்தான் கண்டிருக்கிறேன். ஒரு கணவாய் எங்களைக் கண்டு நிறம் மாறியது, அதைப் பார்க்கும்போது வெந்தயம் போட்டு வைக்கிற குழம்பு ஞாபகம் வந்ததை மறைக்கமாட்டேன். மச்சாள் பார்க்காமல் விட்ட கடல் இப்படியும் இருந்தது.

சுரேன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஆரணி என் கையைப் பிடித்திருந்தாள். என் பக்கம் திரும்பி விரலை வளையமாக்கிக் காட்டினாள். என் தலை ஆடிவிட்டது, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக. ஐயோ, இவளும் மேலே தூக்கப்போகிறாள் என்று நினைத்தேன். தூக்கவில்லை. அவளும் தலையை ஆட்டினாள். இருபத்து மூன்று வருஷமாக அந்தக் கழுத்து அப்படி ஆடி நான் கண்டதில்லை.

போட்டில் ஏறி, இடியப்பம் சாப்பிட்டு, இரண்டாம் தரம் இறங்க ஆயத்தமானோம். நான் என் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆரணி தன்னுடையதை என் முன்னால் நீட்டினாள்.

"அம்மா, என்டதுக்கும்."

நான் கண்ணால் சுரேனைக் காட்டினேன். அவள் அவரையும் போட்டுக்காரரையும் பார்த்து, "கொஞ்சம் அங்கால கிறுகுங்க," என்றாள். பாடசாலையோடு விட்டுவிட்டாள் என்று நான் நினைத்திருந்த சொல். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் மாங்கேணிக் கரையைப் பார்த்துக் கிறுகி நின்றார்கள். என் வாயில் இப்போது எச்சிலுக்குக் குறைவில்லை. அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்த கண்ணாடியில் மூன்று தரம் துப்பினேன்.

எல்லாரும் கிறுகியபோது இவர் மட்டும் கிறுகவில்லை. கமெராவை அமத்திப் படம் எடுத்துவிட்டார். கண்ணாடி அவள் கைக்குப் பின்னால் மறைந்துவிட்டதால், நான் பெற்ற மகளின் முகத்தில் காறித் துப்புவது மாதிரியும், அவள் அதற்குச் சிரித்துக்கொண்டு நிற்பது மாதிரியும் படம் வந்திருக்கிறது. சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம். வருகிற தமிழ் ஆட்கள் பார்த்துவிட்டுப் பேச்சை வேறு பக்கம் கொண்டுபோகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஆரணி அதில் இன்னொன்று கேட்டாள், தன் வீட்டில் மாட்ட.